யாயும் ஞாயும்: யார், யாரிடம், எப்போது?

3 மே. ஒரு வாசகர் கேட்டது

"அண்ணன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். காதல் கல்யாணம்தான், இரண்டு வீட்டிலும் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள். பத்திரிகையில் பிள்ளையார் படத்துக்குக் கீழே 'யாயும் ஞாயும் யாரா கியரோ' பாட்டைப் போடவேண்டும் என்கிறாள் பெண். பொருள் பொருந்துமா? சங்ககாலக் காதலில் பொய்யும் புரட்டும் கிடையாது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ளட்டும் என்று எனக்கும் ஆசைதான்."

3 மே, இரவு

தாராளமாகப் போடலாம். நான் பார்க்கும் பத்திரிகைகளில் பாதி அந்தப் பாட்டோடுதான் வருகிறது. உங்கள் கடைசி வரிதான் எனக்கு இடிக்கிறது. பொய்யும் புரட்டும் கிடையாதா?

முதலில் பாட்டு, முழுதாக:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே

என் அம்மாவும் உன் அம்மாவும் ஒருவருக்கொருவர் யார்? என் அப்பாவும் உன் அப்பாவும் எந்த முறையில் சொந்தம்? நானும் நீயும் எப்படிப் பழக்கம்? செம்மண்ணில் பெய்த மழைபோல நெஞ்சு இரண்டும் தாமாகவே கலந்துவிட்டன. குறுந்தொகையில் 40ஆம் பாட்டு. பாடியவர் பெயர் கிடைக்காததால் உவமையையே பெயராக வைத்துச் செம்புலப்பெயனீரார் என்றாக்கிவிட்டார்கள்.

பாட்டின் அடியில், யார் யாரிடம் எப்போது சொன்னது என்று ஒரு கூற்றுக் குறிப்பு உண்டு. பத்திரிகையில் அதை யாரும் அச்சடிப்பதில்லை. "இயற்கைப் புணர்ச்சி புணர்ந்த பின்னர், பிரிவர் எனக் கருதி அஞ்சிய தலைமகள் குறிப்பு வேறுபாடு கண்டு தலைமகன் கூறியது." எல்லாம் நடந்து முடிந்தாயிற்று. இவன் விட்டுவிட்டுப் போய்விடுவானோ என்று அவள் முகம் மாறுகிறது. அதைப் பார்த்துவிட்டு அவன் சொல்லும் சமாதானம் இது. சொன்னபடி நின்றானா என்பது பாட்டில் இல்லை.

4 மே

மூன்று பேர் திட்டியிருக்கிறீர்கள். "நல்ல காரியத்தில் எதற்கு அபசகுனம்?" நான் பாட்டைக் குறை சொல்லவில்லை. பயந்த பெண் ஒருத்தி எதிரில் நிற்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அந்தப் பாட்டு பிடித்தது. அவளை எடுத்துவிட்டால் மீதி இருப்பது சுவரில் எழுதும் வாசகம்.

பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்த இன்னொன்று, "நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று". அதன் குறிப்பையும் பார்த்துவிடுங்கள். தோழி அவனைப் பழித்துப் பேசுகிறாள். அவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அப்போது தலைவி எடுத்துவிடுகிறாள், நிலம் வானம் கடல் என்று. தோழிக்குச் சொல்கிறாளா, அவன் காதில் விழட்டும் என்று சொல்கிறாளா, தனக்கே சொல்லிக்கொள்கிறாளா? மூன்றும் இருக்கலாம்.

பிள்ளையார் பற்றிக் கேட்டவருக்கு: அம்மா மாதிரிப் பெண் வேண்டும் என்று ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டவர் அவர். 'யாய்' என்று தொடங்கும் பாட்டு அவர் காலடியில் இருப்பது பொருத்தம்தான்.

9 மே

எங்கள் தெருமுனையில் சரக்கொன்றை பூத்துத் தொங்குகிறது. நேற்று அதன் கீழே பால் வாங்க நிற்கும்போது குறுந்தொகை 66 ஞாபகம் வந்தது. "மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை" என்று ஆரம்பம். இந்தக் கொன்றை மரங்கள் சுத்த முட்டாள்கள்! போனவர் திரும்பி வருவதாகச் சொன்ன பருவம் இன்னும் வரவில்லை. அதற்குள் காலம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்துக்கொண்டு கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டன. சொல்வது தோழி. பாடியவர் கோவர்த்தனார்.

கார்காலம் வந்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கார் வந்துவிட்டது, அவன் வரவில்லை. இப்போது இரண்டில் ஒன்று பொய்: மரம், அல்லது மனிதன். தோழி யோசிக்கவே இல்லை, மரத்தின் தலையில் கட்டிவிட்டாள். தப்பு மழைக்கு அவள் வைத்த பெயர் 'வம்ப மாரி'. மழைமேல் வம்பு வழக்கே போட்டாயிற்று என்று நான் சிரிப்பேன் (இந்த வம்புக்கு நம் வம்பின் பொருள் கிடையாது. புதியது, நிலையில்லாதது, காலமல்லாக் காலத்தில் வந்தது என்பதுதான்).

இந்த மாதிரிப் பாட்டுக்குத் துறையே (பாட்டின் சூழலுக்கு வைத்த பெயர்) உண்டு, "பருவம் அன்று என்று வற்புறுத்தல்". இன்னொரு பாட்டில் மயில்களுக்கு முட்டாள் பட்டம், அவையும் காலம் தெரியாமல் ஆடிவிட்டன. ஒருத்தியைத் தேற்றுவதற்காகக் காட்டையே பொய் சாட்சி ஆக்குவதற்கு இலக்கணத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். பொய் கிடையாது என்றீர்களே!

19 மே

இதை எழுதலாமா என்று பத்து நாள் யோசித்தேன். 21ஆம் பாட்டைப் பற்றிப் பேசவேண்டுமானால் எழுதித்தான் ஆகவேண்டும்.

1999. சென்னையில் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி ஒன்றில் இருந்தேன். அறைக்கு இரண்டு பேர். என் அறைத்தோழி நாகர்கோவில் பக்கம். எனக்கு ஒருவரோடு பழக்கம் இருந்தது, அவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போயிருந்தார். தீபாவளிக்கு வந்து வீட்டில் பேசுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். நேரில் 'அவன், இவன்' என்று பேசிய ஆள், கடிதம் வர ஆரம்பித்ததும் எனக்கு 'அவர்' ஆகிவிட்டார். அதற்குக் காரணம் குறுந்தொகைதான். திருவல்லிக்கேணி நடைபாதையில் ஒரு ஒல்லியான பழைய புத்தகம் வாங்கியிருந்தேன். நான் படித்தது பி.காம். தமிழ் வாத்தியார் வைத்துப் படித்ததெல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. அந்தப் புத்தகத்தில் கொஞ்சம் பாட்டு, அடியில் நாலு வரி பொருள், அவ்வளவுதான். அதில் இது இருந்தது:

வண்டுபடத் ததைந்த கொடியிணர் இடையிடுபு
பொன்செய் புனையிழை கட்டிய மகளிர்
கதுப்பிற் றோன்றும் புதுப்பூங் கொன்றைக்
கானம் காரெனக் கூறினும்
யானோ தேறேன் அவர்பொய் வழங்கலரே

பொன் நகை செருகிய பெண்களின் கூந்தல்போலக் கொன்றை பூத்துவிட்டது. காடே இது கார்காலம் என்று சொல்கிறது. சொல்லட்டும், நான் நம்பமாட்டேன். அவர் பொய் சொல்லமாட்டார்.

கடைசி இரண்டு வரியை ஒரு துண்டுத்தாளில் எழுதி டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். தீபாவளி வந்தது. லீவு கிடைக்கவில்லை என்று கடிதம் வந்தது. பொங்கல் என்றார். பொங்கலும் போனது. "அங்கே அரபிக் கணக்குடி, அவருக்கு இன்னும் பொங்கல் வரலை" என்று நான் சொல்ல, நாங்கள் இரண்டு பேரும் சிரிப்போம். கடைசியில் வேறொருவர் மூலம் அவர் கல்யாணச் செய்தி வந்தது. அவர் பொய் சொன்னார். நான் பாட்டை நம்பினேன். இவ்வளவுதான் கதை.

இப்போது அந்தப் பாட்டைப் படிக்கும்போது கண்ணில் படுவது வேறு. மூன்று வரி முழுக்கப் பூ. வண்டு, கொத்து, பொன், கூந்தல், ஒன்று விடவில்லை. இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவள் 'தேறேன்' என்கிறாள். அவளுக்கு அது கார் என்று தெரியாதா? நான் பெட்டியில் ஒட்டியது பார்த்த மூன்று வரியை விட்டுவிட்டு, மறுத்த இரண்டு வரியை மட்டும்.

20 மே

அனுதாபம் வேண்டாம். 25 வருடம் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு இந்தக் கதை தெரியும். அவர் கேட்ட ஒரே கேள்வி: "அந்தப் பெட்டி எங்கே?"

2 ஜூன்

போன குறிப்பில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

21ஆம் பாட்டின் கூற்றுக் குறிப்பை நான் இதுவரை ஒழுங்காகப் படித்ததே கிடையாது. 40க்குக் குறிப்பைக் காட்டி உங்களையெல்லாம் மிரட்டிவிட்டு, என் சொந்தப் பாட்டுக்கு அதைச் செய்யவில்லை. நடைபாதைப் புத்தகத்தில் குறிப்புகள் கிடையாது. பிறகு உ.வே.சா. பதிப்பு வாங்கி எத்தனையோ வருடம் ஆகிறது. அதில் இந்தப் பக்கத்துக்கு நான் போனதில்லை, ஏனென்றால் இது எனக்கு 'தெரிந்த' பாட்டு.

குறிப்பு சொல்வதன் சாரம்: பருவம் வரும்வரை தோழி எப்படியோ தேற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பருவம் வந்தே விட்டது, இனி என்ன சொல்லித் தேற்றுவது என்று அவள் தனக்குள்ளே கவலைப்படுகிறாள். அவள் முகத்தைப் பார்த்துத் தலைவி புரிந்துகொண்டு, 'காடு என்ன சொன்னாலும் நான் நம்பமாட்டேன்' என்கிறாள். நான் தாங்கிக்கொள்வேன், நீ கவலைப்படாதே என்பது உள்ளே இருக்கும் சேதி.

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் ஏமாந்தவளே கிடையாது. அவளுக்கு எல்லாம் தெரியும், தோழிக்காகச் சொல்கிறாள். ஏமாந்தது பெட்டி மூடியில் ஒட்டிய ஆள்.

3 ஜூன்

ஒருவர் சரியாகப் பிடித்திருக்கிறார்: "கூற்றுக் குறிப்பு பாட்டோடு பிறந்ததா? பின்னால் வந்த யாரோ எழுதியதை வைத்து ஏன் இவ்வளவு ஆட்டம்?"

உண்மை. குறிப்புகள் பிற்காலத்தில் சேர்ந்தவை என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். ஐந்து வரியைக் கையில் வைத்துக்கொண்டு, யார் சொன்னது யாரிடம் சொன்னது என்று ஒருவர் ஊகித்து எழுதிய ஒற்றை வரிக் கதை. அந்த ஊகத்தையும் காதலோடு ஊகித்திருக்கிறார். குறுந்தொகைக்குப் பேராசிரியர் 380 பாட்டுக்கு உரை எழுதினார், விட்டுப்போன 20க்கு நச்சினார்க்கினியர் எழுதினார் என்பார்கள். இரண்டும் கிடைக்கவில்லை. 1937இல் உ.வே.சா. எழுதிய உரைதான் நம்மில் பலருக்குக் கைத்தடி.

ஆக, 1999இல் குறிப்பு இல்லாமல் படித்து எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன். இப்போது குறிப்போடு படித்து எனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறேனா? 'தெரிந்தே சொன்னாள்' என்பது ஐம்பதை நெருங்குகிற பெண்பிள்ளைக்குப் பிடிக்கிற பொருள். 'நம்பினாள்' என்பது இருபத்திரண்டுக்குப் பிடித்தது. பாட்டு அப்படியே இருக்கிறது.

21 ஜூன்

பேச்சு கோவலன் பக்கம் போய்விட்டது. "கோவலன் மாதவியை ஏன் விட்டான், ஒரு பாட்டுக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் நிறையச் சொல்ல இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிலப்பதிகாரத்தில் கடற்கரைப் பாட்டுகள் வரும் கானல்வரியைக் காதல் பிரிந்த கதையாகவே சொல்லிக் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் இரண்டு பேர் ஒருவர் பாட்டை ஒருவர் தப்பாகப் படித்த கதை அது. புகார்க் கடற்கரை. கோவலன் முதலில் பாடுகிறான். பாட்டிலே ஏதோ ஒரு பெண். மாதவி கேட்டுவிட்டு, இவன் மனதில் வேறு ஏதோ குறிப்பு இருக்கிறது, மயங்கியிருக்கிறான் என்று முடிவுகட்டுகிறாள். சந்தோஷப்பட்டவள்போல யாழை வாங்கிக்கொள்கிறாள். அடுத்து இளங்கோ ஒரு சொல் போடுகிறார்: "தானும்ஓர் குறிப்பினள்போல்". தனக்கும் வேறொரு நினைப்பு இருப்பதைப் 'போல்' பாடுகிறாள். அந்தப் 'போல்' நமக்குக் கேட்கிறது. கோவலனுக்குக் கேட்கவில்லை. நான் பாட, இவள் வேறொன்றின்மேல் மனம் வைத்துப் பாடிவிட்டாள், "மாயப்பொய் பலகூட்டும் மாயத்தாள்" என்று எழுந்து போகிறான்.

தான் பாடியபோது அது வெறும் பாட்டு. அவள் பாடினால் அது வாக்குமூலம்.

இளங்கோ ஊழ்வினை யாழிசைமேல் வந்து நின்றது என்கிறார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். வீட்டுக்குப் போனதும் கண்ணகியிடம் கோவலன் என்ன சொல்கிறான் பாருங்கள். சலதியோடு (வஞ்சகியோடு) ஆடி, குலம் தந்த பொருள் மலையைத் தொலைத்துவிட்டேன், இந்த வறுமை எனக்கு நாணமாக இருக்கிறது. அப்படியானால் பணம் முன்பே தீர்ந்துபோயிற்று. கடற்கரைக்கு வரும்போதே பாதி மனசு எழுந்து போயிருந்தது. சாக்குத்தான் வேண்டியிருந்தது, பாட்டு கிடைத்தது. பிரிய முடிவு செய்தவனுக்கு எந்தப் பாட்டும் போதும். (இதை என் வளைகுடாக்காரருக்கும் பொருத்திப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவருக்குப் பாட்டில் ஆர்வமே கிடையாது.)

அதோடு நிற்கவில்லை. மாதவி தாழம்பூ மடலில் செங்குழம்பால் எழுதி, வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். அவன் வாங்க மறுத்துவிடுகிறான். மறுக்கும்போது, அவள் அன்பாக இருந்த நாட்களை ஒவ்வொன்றாக எடுத்து, கண்கூடு வரி, காண்வரி, உள்வரி, புறவரி என்று எட்டு வகைக் கூத்தாகப் பிரித்துச் சொல்கிறான். ஆடல் மகள்தானே, அதெல்லாம் அவளுக்குப் பொருந்தியவைதான்! இத்தனை வருடம் வாழ்ந்ததை ஒரே சாயங்காலத்தில் திருப்பிப் படித்து நடிப்பாக்கிவிட்டான். முன்பு நம்பியதில் ஏமாந்தானோ இல்லையோ, இப்போது நம்பாததில் நன்றாக ஏமாறுகிறான். நம்பாமல் இருப்பதும் ஏமாற்றமாக முடியலாம் என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் கோவலன்தான்.

22 ஜூன்

இரண்டாவது கடிதத்தை மறந்துவிட்டேன்! அதுதான் சிகரம்.

மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் என்ற அந்தணன் மாதவியின் ஓலையைக் கொண்டுவந்து தருகிறான். கோவலன் அதை உடனே பிரிக்கவில்லை. மண் முத்திரையில் அவள் கூந்தலை வைத்து ஒற்றியிருக்கிறாள். சேர்ந்திருந்த காலத்தில் தடவிய நெய்யின் வாசம் அதில் வருகிறது, கையை விட்டுக் கீழே வைக்க முடியவில்லை. படிப்பதற்கு முன்பே மூக்கு படித்துவிட்டது. அப்புறம் பிரித்துப் பார்க்கிறான். அவள் மேல் குற்றமில்லை, குற்றம் என்னுடையது என்கிறான். அந்தக் கடிதத்தில் அவனை அவள் விளிப்பது எப்படி? "பொய்தீர் காட்சிப் புரையோய்". பொய் தீர்ந்த பார்வை உள்ளவரே என்று! கிண்டலாக எழுதினாளா என்றால், இல்லை. அதனால்தான் படிக்கிறவருக்கு வலிக்கிறது.

பிறகு அவன் செய்கிற காரியம் இருக்கிறதே! 'அடிகள் முன்னர் விழுந்து வணங்குகிறேன், என் பிழை தெரியவில்லை' என்கிற அந்த வாசகம் என் அப்பா அம்மாவுக்கு நான் எழுதவேண்டியதற்கும் பொருந்துகிறது, இதையே கொண்டுபோய் அவர்களிடம் கொடு என்று அதே ஓலையைக் கோசிகன் கையில் திருப்பித் தருகிறான். அவள் உயிரைக் கொட்டி எழுதிய காதல் கடிதம் அஞ்சல் செலவில்லாமல் மாமனார் வீட்டுக்குப் போகிறது. நெய் வாசத்தோடு.

23 ஜூன்

"அது கோவலனின் பெருந்தன்மை, அவள் சொல்லைத் தன் சொல்லாக ஏற்றுக்கொண்டான்" என்கிறார் ஒருவர். அப்படியும் படிக்கலாம், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதவிக்குப் பதில் எழுதவில்லையே ஐயா.

6 ஜூலை

குறள் வரவில்லையே என்று கேட்டவருக்கு. காமத்துப்பாலில் இந்த விஷயத்துக்கு 1285 ஒன்று போதும்:

எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல் கொண்கன்
பழிகாணேன் கண்ட இடத்து

மை தீட்டும்போது கோல் கண்ணுக்குத் தெரியாது. அதுபோல அவனைப் பார்க்கும்போது அவன் தப்பு தெரிவதில்லை. கண்ணாடி முன் நின்று மை வைத்த யாருக்கும் இது புரியும், ஆண்களுக்கு விளக்கம் வேண்டும். கோல் தூரத்தில் இருக்கும்போது நன்றாகத் தெரிகிறது. கண்ணுக்குள்ளேயே வந்து வேலை செய்யும்போதுதான் தெரிவதில்லை. அடுத்த குறள் கணக்கைச் சரிசெய்கிறது: பார்க்கும்போது தப்பைக் காணேன், பார்க்காதபோது தப்பைத் தவிர வேறு எதையும் காணேன். இரண்டும் பார்வைக் கோளாறு, இரண்டும் ஒரே ஆளுக்கு.

தும்மல் குறளும் (1203) எனக்குப் பிடிக்கும். தும்மல் வருவதுபோல வந்து நின்றுவிடுகிறது. அவர் என்னை நினைக்கப் போய் நினைக்காமல் விட்டாரோ? பாதித் தும்மலுக்கு ஒரு உரை! விடுதியில் இருந்த ஒரே தொலைபேசி ஒரு மணி அடித்து நின்றால், மாடிப்படியில் நாலு பெண்கள் நிற்போம், நாலு பேருக்கும் அது தனக்கு வந்த அழைப்பு.

14 ஜூலை

பத்திரிகையின் மாதிரிப் படத்தை அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். பாட்டு முழுதும் சரியாக இருக்கிறது. 'பெயனீர்' சேர்த்தே இருக்கட்டும், பிரிக்கவேண்டாம். 'யாரா கியரோ' நடுவில் இடைவெளி சீர் பிரிப்புக்காக, அச்சகத்தார் பிழை என்று நினைத்து ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நேரத்தில் மட்டும் காலை என்பதைச் சேர்க்கவேண்டும். வேறு பிழை இல்லை. எழுத்துரு நன்றாக இருக்கிறது.

27 ஜூலை

பெட்டி கிடைத்தது. ஊரில், அம்மா வீட்டுப் பரணில். துண்டுத்தாள் இல்லை, பசை இருந்த இடம் பழுப்பாக இருக்கிறது. கடிதங்கள் இருந்தன, பதினொன்று.

தீபாவளிக் கடிதத்தைத்தான் முதலில் தேடினேன். "தீபாவளிக்கு வந்துவிடுகிறேன்" என்று எழுதியிருந்தது என்று சத்தியம் செய்வேன். அந்த வரியில் அவர் 'வந்து' என்பதற்குக் கொம்பு சுழித்து எழுதுவதுகூட ஞாபகத்தில் இருந்தது. இப்போது கையில் இருக்கிற கடிதத்தில்: "தீபாவளிக்கு வரப் பார்க்கிறேன்."

வரப் பார்க்கிறேன்.

அடுத்ததில் "பொங்கலுக்குத் தோதுப்பட்டால்". அதற்கடுத்ததில் என்னைப் பற்றி விசாரிப்பே இல்லை, அவருடைய தங்கை கல்யாணச் செலவுக் கணக்கு இரண்டு பக்கம். பதினொன்றிலும் தேடினேன். 'வருகிறேன்' என்ற சொல் எங்கேயும் இல்லை. கிளம்பும்போது நேரில் சொன்னதாக 19 மே குறிப்பில் எழுதியிருக்கிறேன். அதுவும் இப்போது சந்தேகமாகத்தான் இருக்கிறது.

அதே குறிப்பில் 'அவர் பொய் சொன்னார்' என்றும் எழுதினேன். அதை அடித்துவிடுகிறேன். எழுத்தில் அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவர் பொய் வழங்கலரே! பாட்டு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, நான்தான் வேறு அர்த்தத்தில் ஒட்டிவைத்திருந்தேன்.

2 ஆகஸ்ட்

அறைத்தோழிக்குப் போன் போட்டேன். வருடத்துக்கு ஒருமுறை பேசுவோம். பேரன் பிறந்திருக்கிறானாம், அதிலேயே இருபது நிமிடம் போனது. அப்புறம் கேட்டேன்.

"வரப் பார்க்கிறேன்னுதான் இருந்துச்சு, நான் அப்பவே பார்த்தேன்லா" என்றாள்.

"பின்னே ஏன்டி சொல்லல?"

"நீ வந்துடுவார்னு வாசிச்சே. நான் என்ன சொல்ல? லீவு கெடைச்சிருக்காது, கப்பல் லேட்டா இருக்கும்னு ஏதாச்சும் சொல்லிக்கிட்டுக் கெடந்தேன்."

கப்பலா! வளைகுடாவிலிருந்து யார் கப்பலில் வந்தார்கள்? கொன்றைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொன்ன தோழி இவள்தான்.

அதோடு விட்டிருக்கலாம். அவள் மேலே சொன்னாள்: "எனக்கும் அப்ப வீட்டுல அந்த மாப்பிள்ளை பிரச்சினை இருந்துச்சுல்லா. நான் உடைஞ்சிடக்கூடாதுன்னு நீ தெரிஞ்சே தைரியமா இருக்க மாதிரிக் காட்டிக்கிறன்னு நினைச்சேன். ரொம்பப் பெரிய மனசுன்னு இத்தனை வருஷமா எங்க வீட்ல சொல்லிக்கிட்டிருக்கேன்."

நான் மறுக்கவில்லை. மறுக்க வாய் வந்தது, பிறகு விட்டுவிட்டேன். அவளும் கூற்றுக் குறிப்பு எழுதியிருக்கிறாள், என் நடைபாதைப் புத்தகத்தைவிட நல்ல குறிப்பு. ஒருவேளை எனக்குத் தெரிந்துதான் இருந்ததா? கொம்பு சுழித்த அந்த 'வந்து' எங்கிருந்து வந்தது?

5 ஆகஸ்ட்

வேறொரு விஷயம், சின்னது, ஆனால் உறுத்துகிறது. 9 மே குறிப்பைத் திரும்பப் பார்த்தேன். "சரக்கொன்றை பூத்துத் தொங்குகிறது." மே மாதத்தில்! கார் என்பது ஆவணி, புரட்டாசி. எங்கள் தெரு மரம் வருடா வருடம் சித்திரை வைகாசியில் பூக்கிறது. கேரளத்தில் சித்திரை விஷுவுக்கு இதே பூவைத்தான் கனியில் வைக்கிறார்கள். இருபது வருடமாக அந்த மரத்தின் கீழே பால் வாங்கிக்கொண்டு, "கொன்றை கார்காலத்தில் பூக்கும்" என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சங்கக் கொன்றை இதே மரம்தானா, மழை கண்டு மறுபடி பூப்பதா என்று சண்டை போடலாம், நான் அதற்குத் தயார். ஆனால் கேள்வியே எனக்கு வரவில்லை என்பதுதான் விஷயம். அவள் காடு சொன்னதை நம்பவில்லை. நான் காட்டைக் கேட்கவே இல்லை.

19 ஆகஸ்ட்

பத்திரிகை தபாலில் வந்தது, நன்றி. மஞ்சள் தடவிய ஓரம், நல்ல கனமான அட்டை, பிள்ளையார் சின்னதாக அழகாக இருக்கிறார். முகூர்த்தத்தில் 'காலை' சேர்ந்துவிட்டது. பெயனீர் சேர்ந்தே இருக்கிறது.

என் மகன் சாப்பிட்டுக்கொண்டே எடுத்துப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். "அம்மா, ஏன் நாய் வருது?" என்றான்.

யாயும் நாயும் யாரா கியரோ.

பழைய மாதிரிப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் நாய்தான். 14 ஜூலை அன்று நான் பார்த்து, சீர் பிரிப்பு வரைக்கும் யோசனை சொல்லி, வேறு பிழை இல்லை என்று எழுதியதும் அதே நாயைத்தான்.

20 ஆகஸ்ட்

உங்கள் பதிலைப் பார்த்தேன். மன்னிப்பெல்லாம் நீங்கள் கேட்கக்கூடாது, நான்தான் கேட்கவேண்டும். அச்சகத்தார், நீங்கள், உங்கள் அண்ணன், மாப்பிள்ளை வீட்டுத் தமிழாசிரியர், நான். ஐந்து பேர் பார்த்திருக்கிறோம். 400 பத்திரிகை போய்ச் சேர்ந்துவிட்டது, இதுவரை ஒரு ஆளும் கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்கமாட்டார்கள்.

பெண் மட்டும் முதல் நாளே பார்த்துவிட்டாள், மாமியாருக்கு நாய் என்றால் ஆகாது, அதனால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அவளுக்கு என் ஆசி. முகூர்த்தத்துக்கு நான் வருகிறேன். வரப் பார்க்கிறேன் இல்லை, ரயிலில் இடம் பிடித்தாயிற்று.